மலை நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது எப்படி: வரப்போகும் பற்றாக்குறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதம் நகராட்சி மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும். கடைசி வரியில் 'உபரி' என்று ஒரு தொகை இருந்தால் செய்தியும் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த உபரிக்குள் செலவழிக்க முடியாத மானியம் இருக்கலாம், வசூலாகாத வாடகை இருக்கலாம், இன்னும் கட்டாத மின் கட்டணமும் இருக்கலாம். உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம், கொடைக்கானல் ஆகிய மலை நகராட்சிகளில் இதை வாசிக்கத் தெரிந்திருப்பது சமவெளி ஊர்களைவிட அவசியம். இங்கே செலவைத் தீர்மானிப்பது மேலே ஏறி வரும் கூட்டம். வரவைத் தீர்மானிப்பதோ உள்ளூர்வாசிகளின் எண்ணிக்கையும், கட்ட அனுமதிக்கப்பட்ட கட்டிடங்களின் அளவும். இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

கணக்குப் பதிவியல் தெரியாதவரும் பின்பற்றக்கூடிய முறை இது. ஒரு கால்குலேட்டரும் இரண்டு மூன்று வார இறுதிகளும் போதும்.

முதல் படி: தாள்களைச் சேர்த்தல்

வரவு செலவுத் திட்டப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கீழ்க்கண்டவை வேண்டும்:

– வரவு செலவுத் திட்டம். ஒவ்வொரு தலைப்பிலும் முந்தைய ஆண்டின் உண்மைத் தொகை, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு ஆகிய மூன்று பத்திகளும் இருக்க வேண்டும்.
– ஆண்டுக் கணக்கு: வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் (சொத்தும் கடனும் காட்டும் தாள்).
– கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியல். சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.
– உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கை, அதில் தீர்க்கப்படாமல் நிற்கும் ஆட்சேபணைகளோடு.
– கடன் பதிவேடு: எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு, என்ன வட்டி, தவணை எப்போது தொடங்குகிறது.

நகராட்சி இணையதளத்தில் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மனு தோற்றுப்போவது பெரும்பாலும் எழுதும் விதத்தில்தான். 'நகராட்சி ஏன் நட்டத்தில் ஓடுகிறது?' என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். '2022–23 முதல் 2024–25 வரை ஒவ்வொரு மார்ச் 31 நிலவரப்படி கடை வாடகையின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலின் நகல்' என்று ஆவணத்தின் பெயர், ஆண்டு, தேதி சொல்லிக் கேளுங்கள். நகல் கட்டணம் அதிகமாகும் என்றால் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கடன் பதிவேட்டை இப்படி நேரில் பார்ப்பதே நல்லது. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் குறிப்புகள் நகலில் சரியாக விழாது.

இரண்டாம் படி: மூன்று நிதிகளையும் பிரித்துப் பாருங்கள்

தமிழ்நாட்டு நகராட்சிக் கணக்கு ஒரே பெட்டி அல்ல. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என மூன்று உண்டு. சொத்து வரியில் ஒரு பகுதி குடிநீருக்கும் ஒரு பகுதி கல்விக்கும் போய்ச் சேரும். மூன்றையும் கூட்டிச் சொல்லப்படும் 'மொத்த உபரி' ஏமாற்றக்கூடியது. கல்வி நிதியில் கிடக்கும் பணத்தைக் கொண்டு துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட முடியாது.

மலை ஊர்களில் முதலில் இளைக்கும் நிதி குடிநீர் நிதி. உதகைக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும், குன்னூருக்கு ரேலியா அணை, எமரால்டு ஆகியவற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது. கொடைக்கானலுக்கு மனோரஞ்சிதம் அணை, கீழ்குண்டாறு. மேட்டில் இருக்கும் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடியே ஆக வேண்டும், ஆகவே மின் கட்டணம் நிற்காது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையாக வைத்த குடிநீர்க் கட்டணம் மட்டும் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இந்த இடைவெளியை அடைக்க வருவாய் நிதியிலிருந்து கைமாற்று கொடுப்பார்கள். இருப்புநிலைக் குறிப்பில் 'நிதிகளுக்கிடையே வர வேண்டியது, தர வேண்டியது' என்ற வரியைத் தேடுங்கள். அந்தத் தொகை மூன்று ஆண்டும் ஏறிக்கொண்டே போனால், குடிநீர் நிதி திருப்பித் தர முடியாத கடனில் இருக்கிறது என்று பொருள். வருவாய் நிதியின் கணக்கில் அது இன்னமும் 'சொத்தாக' உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் படி: உபரியைத் தோலுரித்தல்

அறிவிக்கப்பட்ட உபரியிலிருந்து நான்கைக் கழியுங்கள்.

முதலாவது தொடக்க இருப்பு. அது போன ஆண்டின் மிச்சம், இந்த ஆண்டின் வருமானம் அல்ல. இரண்டாவது, திட்டங்களுக்கென்று வந்த மூலதன மானியமும் கடனும். மூன்றாவது, நிபந்தனையோடு வந்த மானியத்தில் செலவாகாத பகுதி. மத்திய நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு நம்முடையதைப் போன்ற சிறு ஊர்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 40 சதவீதத்துக்கு மட்டுமே இந்தக் கட்டு இல்லை. 30 சதவீதம் துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும், 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கும் கட்டிவைக்கப்பட்டது. அந்தப் பணம் வங்கியில் இருந்தாலும் சம்பளத்துக்கு உதவாது. நான்காவது, கொடுக்க வேண்டிய பில்கள்: ஒப்பந்ததாரர் பாக்கி, மின்வாரியப் பாக்கி, ஓய்வூதியப் பங்களிப்புப் பாக்கி. மார்ச் மாதத்தில் பில்லை நிறுத்திவைத்து ஏப்ரலில் கொடுத்தால் அந்த ஆண்டின் ரொக்க இருப்பு அழகாகத் தெரியும்.

மீதி இருப்பதுதான் உண்மையான நடப்பு உபரி. பெரிய உபரி இந்த நான்கு கழித்தலுக்குப் பிறகு சில லட்சமாகச் சுருங்கினால் வியப்பில்லை. கழித்தல் குறிக்கும் போய்விடலாம்.

நான்காம் படி: கேட்பும் வசூலும்

வழிகாட்டி முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. மதிப்பீடு ஊதிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

சொத்து வரி நடப்புக் கேட்பு 6 கோடி, பழைய நிலுவை 4 கோடி என்று வைத்துக்கொள்வோம். வரவு செலவுத் திட்டத்தில் 'சொத்து வரி வரவு 8 கோடி' என்று எழுதுவது எளிது. கடந்த மூன்று ஆண்டும் நடப்பில் 85 சதவீதமும் நிலுவையில் 20 சதவீதமும்தான் வசூலாகியிருந்தால், எதிர்பார்க்க வேண்டியது 5.10 கோடியும் 80 லட்சமும், ஆக 5.90 கோடி. 2.10 கோடி பள்ளம் முதல் நாளே இருக்கிறது. நடப்பையும் நிலுவையையும் சேர்த்து ஒரே சதவீதமாகத் தந்தால் ஏற்காதீர்கள், பிரித்துக் கேளுங்கள்.

அடுத்தது விகிதம். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022இல் சொத்து வரி சீராய்வு வந்தது. நகராட்சிகளில் வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. அந்த ஒரு தாவலால் 2022–23 வரவு வளர்ச்சி பெரிதாகத் தெரியும். அந்த ஆண்டை அடிப்படையாக வைத்து அடுத்த ஆண்டுகளைக் கணித்தால் கணக்கு கவிழும். ஒவ்வோர் ஆண்டும் சிறு உயர்வு என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தால், அதற்கான மன்றத் தீர்மானம் உண்மையில் நிறைவேறியதா என்று பாருங்கள்.

பிறகு வரி விதிப்பின் பரப்பு. நீலகிரியில் கட்டிட உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 1993 முதல் நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பெருந்திட்டமும் (மாஸ்டர் பிளான்) உண்டு. சரிவுகளையும் சோலைகளையும் காக்க இந்தக் கட்டுப்பாடுகள் தேவை, தளர்த்தவே கூடாது. ஆனால் சமவெளி நகராட்சிபோல அடுக்குமாடி எழும்பி வரி தானாகப் பெருகும் வாய்ப்பு இங்கே கிடையாது. கூடலூரில் 1969ஆம் ஆண்டு ஜென்மம் நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் மாட்டி, உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலங்களின் சிக்கல் வேறு. ஆகவே மலையில் வரி கூடுவதற்கு நேர்மையான வழி, ஏற்கெனவே நிற்கும் கட்டிடத்தைச் சரியாக அளப்பதும் சரியாக வகைப்படுத்துவதும்தான். குடியிருப்பு என்று வரி கட்டிக்கொண்டு காட்டேஜாக, ஹோம்ஸ்டேயாக அறை வாடகைக்கு விடும் வீடுகளைக் கணக்கெடுத்தால் என்ன கூடும் என்று வருவாய்ப் பிரிவு கணித்திருக்கிறதா என்று கேளுங்கள். மத்திய அரசுக் கட்டிடங்களுக்குச் சொத்து வரி இல்லை. ஆனால் அளிக்கும் வசதிக்கு ஏற்ப, வரியின் மூன்றில் ஒரு பங்கு முதல் முக்கால் பங்கு வரை சேவைக் கட்டணம் கேட்கலாம். பல ஊர்களில் இது கேட்பிலேயே ஏறியிருக்காது.

கடை வாடகை தனிக் கதை. உதகை மார்க்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிக் கடைகள். முன்தேதியிட்டு உயர்த்தப்பட்ட வாடகையை வியாபாரிகள் ஏற்காமல் நிலுவை கோடிக்கணக்கில் ஏறி, 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைக்கும் வரை போனது. இதில் படிக்க வேண்டியது இரண்டு. பல ஆண்டு வாடகையைத் தொடாமல் விட்டு ஒரேயடியாகப் பல மடங்கு ஏற்றினால், தாளில் கேட்பு ஏறும், கையில் பணம் ஏறாது. மார்க்கெட்டை இடித்துக் கட்டும்போதோ, கட்டுமானக் காலம் முழுக்க வாடகை குறையும். அந்தக் குறைவு மதிப்பீட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குன்னூர் மார்க்கெட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஐந்தாம் படி: சுற்றுலாப் பணம் யார் கணக்கில்?

'சீசனில் இவ்வளவு கூட்டம் வருகிறதே, நகராட்சிக்கு என்ன குறை?' என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். அரசு தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஆகியவற்றின் நுழைவுக் கட்டணம் தோட்டக்கலைத் துறைக்கு. உதகை படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. மலை ரயில் தெற்கு ரயில்வேக்கு. விடுதி அறையின் ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும். நகராட்சிக்கு நேரடியாக வருவது விடுதியின் சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், வாகன நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பிடக் குத்தகை. கொடைக்கானலில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே உள்ள சுங்கச்சாவடியும் உண்டு.

அந்தக் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பை மட்டும் தீட்டுக்கல், ஓட்டுப்பட்டறை, பிரகாசபுரம் குப்பைக் கிடங்குகளுக்கு நகராட்சிச் செலவில்தான் போகிறது. மாநில நிதி ஆணையப் பகிர்வோ (மாநில வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குத் தரும் பங்கு) குடியிருக்கும் மக்கள்தொகையைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி உதகையில் 88,430 பேர், குன்னூரில் 45,494, கொடைக்கானலில் 36,501. மே மாதத்துச் சனிக்கிழமை அந்தக் கணக்கில் இல்லை. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சீசனுக்கு வைத்த வரம்பைப் பாருங்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைக்கு வரும் வாகனங்களுக்கான இ–பாஸ் பதிவுகள் 2024 மே முதல் இருக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு இப்போது கையில் எண் இருக்கிறது. மாதவாரியாக அதைக் குப்பை டன் கணக்கோடு சேர்த்து வைத்து அரசிடம் கூடுதல் பகிர்வு கேட்க நகராட்சிக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது.

ஆறாம் படி: செலவு எங்கே ஏறுகிறது

செலவை ஐந்து கட்டாகப் பிரியுங்கள்: சம்பளமும் ஓய்வூதியமும், வெளிமுகமை (தனியார் நிறுவனம் வழி) துப்புரவு ஒப்பந்தம், மின்சாரம், பராமரிப்பு, கடன் தவணை. அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை மாறக்கூடியது. துப்புரவு ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு விதி என்ன, டன்னுக்கா ஆளுக்கா கட்டணம் என்று ஒப்பந்த நகலிலேயே பாருங்கள். டன்னுக்கு என்றால் சீசனில் தொகை எகிறும். அதைப் பன்னிரண்டால் வகுத்து ஒரே சீராகப் போட்டிருந்தால் ஜூனில் பணம் தட்டும்.

பராமரிப்பு குறைந்தால் மகிழ வேண்டாம். தடுப்புச் சுவரின் நீர்வடி துளைகளையும் சாலையோரக் கால்வாயையும் மழைக்கு முன் சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம், வடகிழக்குப் பருவமழையில் சுவரோடு சேர்ந்து சரியும். சுவரைப் புதிதாகக் கட்டும் செலவு மூலதனத் தலைப்பில் வருவதால், பராமரிப்பைக் குறைத்ததன் விலை அதே பக்கத்தில் தெரியாது.

ஏழாம் படி: இனாமாக வந்த திட்டத்தின் பின்செலவு

பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், புதிய மார்க்கெட், பல அடுக்கு வாகன நிறுத்தம் எதுவானாலும் மானியம், கடன், நகராட்சிப் பங்கு என மூன்று கால்களில் நிற்கும். அடிக்கல் நாட்டும்போது பேசப்படுவது மானியம். கேட்க வேண்டியவை: கடன் தவணை எந்த ஆண்டு தொடங்குகிறது? இயக்கச் செலவு மாதம் எவ்வளவு? ஒப்பந்ததாரரே நடத்தும் காலம் எப்போது முடிகிறது? அந்தக் காலம் முடிந்த மறு மாதமே மோட்டார், ரசாயனம், ஆள் செலவு அனைத்தும் நகராட்சி தலையில் விழும். விரிவான திட்ட அறிக்கையில் இயக்கம், பராமரிப்பு பற்றிய அத்தியாயத்தின் நகலை மட்டும் வாங்கினால் போதும்.

எட்டாம் படி: மூன்றாண்டுக் கணக்கு

இப்போது முன்னோக்கிப் போடலாம். கற்பனையான ஒரு மலை நகராட்சியை எடுத்துக்கொள்வோம் (கோடி ரூபாயில்).

வரவு: சொத்து வரி 6, கடை வாடகை 4, பிற சொந்த வரவு 4, மாநில நிதி ஆணையப் பகிர்வு 8. மொத்தம் 22.
செலவு: சம்பளம், ஓய்வூதியம் 10, துப்புரவு ஒப்பந்தம் 5, மின்சாரம் 3, பராமரிப்பு 2, கடன் தவணை 1. மொத்தம் 21.

இந்த ஆண்டு 1 கோடி உபரி. இனி வளர்ச்சி விகிதம்: சொத்து வரி 6 சதவீதம், வாடகை மாற்றமில்லை, பிற வரவு 3, பகிர்வு 7. செலவில் சம்பளம் 8, துப்புரவு 10, மின்சாரம் 5, பராமரிப்பு 6, தவணை மாறாது.

முதல் ஆண்டு: வரவு 23.04, செலவு 22.57. உபரி 47 லட்சம்.
இரண்டாம் ஆண்டு: வரவு 24.14, செலவு 24.27. பற்றாக்குறை 13 லட்சம்.
மூன்றாம் ஆண்டு: வரவு 25.32, செலவு 26.11. பற்றாக்குறை 79 லட்சம்.

யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை, புதிய ஆளும் எடுக்கவில்லை. சம்பளமும் துப்புரவும் மொத்த வரவைவிட மூன்று முதல் ஐந்து சதவீதப் புள்ளி வேகமாக வளர்ந்ததும், வாடகை அசையாமல் இருந்ததுமே காரணம். இதோடு இரண்டாம் ஆண்டில் 80 லட்சம் இயக்கச் செலவோடு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கைக்கு வந்து, மூன்றாம் ஆண்டில் அதன் கடன் தவணை 60 லட்சம் தொடங்கினால், மூன்றாம் ஆண்டுப் பள்ளம் 2 கோடியே 23 லட்சம் (இயக்கச் செலவும் 5 சதவீதம் ஏறுவதாக வைத்து).

உங்கள் ஊர்க் கணக்கில் இந்த விகிதங்களை அப்படியே போடாதீர்கள். மூன்று ஆண்டு உண்மைத் தொகையிலிருந்து எடுங்கள். பகிர்வுத் தொகையைப் பிடித்தம் போக வந்ததாக எழுதுங்கள். கடன் தவணையையும் ஓய்வூதியப் பாக்கியையும் மேலிடத்திலேயே கழித்துக்கொண்டு அனுப்பினால், பிடித்தத்துக்கு முந்தைய தொகையை வரவாக எழுதித் தவணையைச் செலவில் விட்டுவிடும் பிழை சாதாரணமாக நடக்கிறது.

மத்திய மானியத்துக்கு இரண்டு கணக்கு போடுங்கள், வந்தால் ஒன்று, தாமதமானால் ஒன்று. 15ஆவது நிதிக் குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிந்து 16ஆவது தொடங்குகிறது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடியும். 2016க்குப் பிறகு தேர்தல் நடக்காமல் இருந்த ஆண்டுகளில் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டதைத் தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் ஏற்கெனவே அனுபவித்திருக்கின்றன.

தவறும் இடங்கள்

ஆண்டுக் கணக்கில் வரும் பற்றாக்குறையில் தேய்மானமும் (சொத்துகள் பழையதாவதற்கு எழுதும் மதிப்புக் குறைவு) சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000–01 முதல் திரள்முறைக் கணக்கு (பணம் கைமாறாவிட்டாலும் வர வேண்டியதையும் தர வேண்டியதையும் பதியும் முறை) வைக்கின்றன. தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை. அதைக் காட்டி 'நகராட்சி திவால்' என்று சுவரொட்டி ஒட்டினால், ஆணையாளர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். தேய்மானம் நீக்கிய தொகையையும் நீக்காத தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதே வேளை, தேய்மானத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. குழாய்கள் பழையதாகிக்கொண்டே போகின்றன, மாற்றப் பணம் சேரவில்லை என்று அது சொல்கிறது.

லட்சத்தையும் ஆயிரத்தையும் கலக்காதீர்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு அட்டவணைகள் இரண்டு அலகில் இருக்கும்.

ஒன்பதாம் படி: கேள்வியை எங்கே வைப்பது

வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகு பேசிப் பயனில்லை. நவம்பர், டிசம்பரில் மதிப்பீடு தயாராகும்போதே வார்டு கவுன்சிலரிடம் உங்கள் மூன்றாண்டுத் தாளைக் கொடுங்கள். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அந்தக் கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கோரிக்கையும் குறிப்பாக இருக்கட்டும். 'செலவைக் குறை' என்று பொதுவாகக் கேட்டால் முதலில் வெட்டு விழுவது துப்புரவுப் பணியாளரின் கையுறையிலும் தெருவிளக்கிலும்தான். வாடகையைச் சிறு சிறு படியாக, நிலையான இடைவெளியில் உயர்த்தும் தீர்மானம். ஹோம்ஸ்டே மறு அளவீட்டுக்கு ஒரு காலக்கெடு. குடிநீர் நிதிக்குத் தனிக் கணக்கு அறிக்கை. இயக்கச் செலவு மதிப்பீடு இணைக்காத புதிய திட்டம் எதுவும் மன்றப் பொருளாக வரக்கூடாது என்ற தீர்மானம். இந்த நான்கில் உங்கள் ஊர்க் கணக்கு எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் கேளுங்கள். மார்ச் கூட்டத்துக்கு முன் திருத்திய மதிப்பீடு வெளியானதும் உங்கள் தாளில் உள்ள எண்களை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு அதுவே தொடக்கத் தாள்.